மல்லிகாவுக்கு இரண்டு சக்கரம்

இந்த வீட்டில் ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். எடுத்த கையோடு, அப்படி முடிவெடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"தாராளமா எடுங்க. முதல்ல தலையைக் குனிங்க" என்றாள்.

குனிந்தேன். தலைக்கு மேல் பாப்பாவின் ஈரத்துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. எங்கள் கூடத்தில் வாசல் கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரு கயிறு. ஜன்னலிலிருந்து பீரோ வரை ஒரு கயிறு. பீரோவிலிருந்து புறப்படும் கயிறு எங்கே போய் முடிகிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கைக்குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வேலைக்குக் கிளம்பும்போது நான் தலை வாரிக்கொள்வதே இல்லை. வாரினாலும் வாசலை அடைவதற்குள் ஏதாவது ஒரு குட்டிச் சட்டை அதைக் கலைத்து, முகத்தையும் துடைத்து அனுப்பிவிடும்.

துணியை வெளியே காயப்போடக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வெயில்தான் இல்லை. சுற்றிலும் மாடிவீடுகள் முளைத்துவிட்டன. காலையில் சமையலறைப் படியில் கொஞ்சம் வெயில். மத்தியானம் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொஞ்சம். சாயங்காலம் கேட்டுப் பக்கம் கொஞ்சம். நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் என் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

நிற்கிறது என்றால், நின்றபடியே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வண்டி. கல்யாணமான வாரம் நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இப்போது அதில் வேலை செய்வது ரப்பர் ஹாரன் மட்டும்தான். அமுக்கினால் வாத்தின் வாலை மிதித்த மாதிரி கத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிமேல் ஏறி, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் டீ என்று உட்கார்ந்திருப்பேன். இந்த வீட்டில் என் கைக்கு அடங்குகிற ஹேண்டில் அது ஒன்றுதான்.

வண்டியை எடுத்துவிட்டுக் கொடி கட்டலாம் என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. நான் கொடுக்காத சாக்கும் இல்லை. அடுத்த மாதம் ரிப்பேர் செய்துவிடுவேன் என்பேன். எந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என்று அவள் கேட்பாள்.

அன்றைக்கு அவள் கேட்டது வேறு.

"என்னங்க, பின்னாடி ஒரு மாமரம் வைக்கலாமா? பாப்பா பெருசானா பறிச்சுத் தின்னும்."

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். ஊராருடைய கிட்டப்பார்வை, தூரப்பார்வை எல்லாம் என் கையால்தான் சரியாகிறது. எனக்கா தெரியாது? மாமரத்துக்கு வெயில் வேண்டும். வெயில் என் வண்டியின் மேல் இருக்கிறது. மரம் உள்ளே வந்தால் வண்டி வெளியே போகும்.

"வைக்கலாம். ஆனா என்ன ரகம்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றேன்.

மூவரும் நர்சரிக்குப் போனோம். பாப்பா அவள் இடுப்பில், நான் அவள் பின்னால். நர்சரி நடத்துகிற அக்கா பூவாளியோடு எதிரே வந்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"நிழல்லயே வளர்ற மாமரம் இருக்குங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியை, ஆறுதல் சொல்கிற மாதிரி பார்த்தார்.

"நிழல் வேணும்னு மரம் வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன் சார். மரத்துக்கு நிழல் கேட்கிறவரை இப்பத்தான் பார்க்கிறேன். பகல்ல பாதி நேரமாவது நேர் வெயில் படணும். இல்லேன்னா இலைதான் வரும், பூ வராது."

வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். முதலில் ஒரு நாட்டு மா.

"சாறு அப்படி இருக்கும். நார் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"இவர் ஒண்ணு தின்னுட்டு ரெண்டு நாள் பல்லைக் குத்திக்கிட்டு உட்கார்ந்துடுவார் அக்கா" என்றாள் என் மனைவி.

"இது நீலம். வருஷம் தவறாது. ஆனா எல்லாப் பழமும் முடிஞ்சப்புறம் கடைசியாத்தான் வரும். சில பழத்துல கொட்டைக்குள்ள வண்டு இருக்கும்."

"கடைசியா வந்து, வரும்போது கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு வருதா?" என்று என் பக்கம் திரும்பினாள். "உங்க அண்ணன் மாதிரிங்க."

அடுத்தது இடுப்பளவு இருந்த ஒரு கன்று. இப்போதே கையை விரித்துக்கொண்டு நின்றது.

"இது பெரிய ஜாதி. குடை மாதிரி விரியும். பழம் ஒவ்வொண்ணும் கனமா இருக்கும். ஒரு வருஷம் காய்ச்சா மறு வருஷம் ஓய்வு எடுத்துக்கும்."

"பரவாயில்லைக்கா. ஓய்வு எடுக்கிறவங்களை வச்சுக் குடும்பம் நடத்தி எனக்குப் பழக்கம்தான். இதையே எடுத்துக்கலாங்க. எனக்கு இந்தக் குடை மரம்தான் வேணும்."

பார்த்தீர்களா, சூழ்ச்சி வெளியே வந்துவிட்டது. குடை மரத்துக்கு ஒரு வண்டியின் இடம் போதாது. என் வண்டி, என் டீ, என் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதன் அடியில் போய்விடும். நான் அவசரமாக வரிசையின் கடைசிக்குப் போனேன். அங்கே குட்டையாக, அடக்க ஒடுக்கமாக ஒரு கன்று.

"இது?"

"மல்லிகா. ஒட்டுச்செடி. நார் கிடையாது, தேன் மாதிரி இருக்கும். காயா பறிச்சு வீட்டுக்குள்ள வச்சுப் பழுக்க விடணும். கிளையை அப்பப்ப வெட்டி விட்டா, பெரிய தொட்டியிலேயே வச்சுக்கலாம்."

தொட்டி. அந்த வார்த்தை என் காதில் தேனாகப் பாய்ந்தது. தொட்டியில் நிற்கிற மரத்துக்குத் தரை எதற்கு? தரை வேண்டாம் என்றால் வண்டி எதற்கு நகர வேண்டும்?

"இதுதான்" என்றேன்.

என் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "தொட்டியில மாமரமா? பார்க்கிறவங்க சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். ரகம் என் முடிவு."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' வந்த வேகத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மல்லிகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, கோப்பை வாங்கியவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் மண்ணும் எருவும் நிரப்பி, மல்லிகாவை நட்டு, சமையலறைப் படி ஓரமாக வைத்தேன். வண்டி தன் இடத்தில் ஜம்மென்று நின்றது. அதன்மேல் உட்கார்ந்து டீயை இரண்டு வாய் குடித்திருப்பேன்.

"என்னங்க, உங்க மல்லிகா நிழல்ல நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். படியை விட்டு வெயில் இறங்கிப் போய்விட்டிருந்தது.

"பாதி நேரமாவது நேர் வெயில் வேணும்னு அந்த அக்கா சொன்னாங்களே" என்றாள். "நான் தள்ளலாம்னா இடுப்புல பாப்பா. அதுவும் இல்லாம, ரகம் உங்க முடிவு."

தள்ளினேன். மண் நிறைந்த டிரம்மை நீங்கள் தள்ளியிருக்கிறீர்களா? அது நகராது. பூமிதான் கொஞ்சம் பின்னால் போகும். காலையில் படி ஓரம் தள்ளுவேன். மத்தியானம் சாப்பிட வந்தவன், சாப்பிடுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டி ஓரம் தள்ளுவேன். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன் கேட்டுக்குத் தள்ளுவேன். இருட்டியதும், கேட்டில் விட்டால் ஆடு மேய்ந்துவிடும் என்று மறுபடி உள்ளே தள்ளுவேன்.

பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணன் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"என்ன தம்பி, மல்லிகாவைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டீங்க போலிருக்கு. வீட்டுல தங்கச்சிக்குத் தெரியுமா?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. நான் தள்ளுவதில் கவனமாக இருந்தேன்.

கொஞ்ச நாளில் என் இடுப்பு ஒரு பக்கமாகப் பூட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியை மாட்டிப் பார்க்கக் குனிந்தால் நிமிர முடியவில்லை.

"கண்ணாடியை மாட்டிவிடச் சொன்னா, ஏன்யா கஸ்டமர் கால்ல விழுறே?" என்றார் முதலாளி.

அன்று சாயங்காலம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். என் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். அவள் குரலில் அவ்வளவு பரிவு.

"பாவம். அந்த டிரம்முக்கு மட்டும் ரெண்டு சக்கரம் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். சக்கரத்துக்கு நாம எங்க போறது?"

என் மண்டைக்குள் பல்பு எரிந்தது. இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

"ஏம்மா, நம்ம வண்டியில ரெண்டு சக்கரம் சும்மாதானே இருக்கு?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஐயோ, அந்த வண்டியிலயா கை வைக்கப் போறீங்க? அது உங்க உசிருங்க."

"உசிரு வேற, டயர் வேற. நீ பேசாம தேய்."

வெல்டர் அண்ணன் சக்கரங்களைக் கழற்றி, அருகருகே வைத்து, நடுவில் இரும்புத் தட்டு கொடுத்துப் பற்ற வைத்தார். தள்ளக் கைப்பிடி வேண்டுமே என்றார். என் ஹேண்டில்பாரையே கொடுத்தேன். ஹாரனைப் பிரிக்க மட்டும் மனம் வரவில்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் மல்லிகாவை உட்கார வைத்து, முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உற்சாகத்தில் ஹாரனை அமுக்கினேன். தூங்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து தெருவே திரும்பும்படி அழுதது. அன்று இரண்டு பேரை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. பாப்பாவை நான் தாலாட்டினேன், மனைவியைச் சமாதானம் செய்தேன்.

டிரம் இப்போது ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. ஆனால் வேளை தவறாமல் அந்த ஒரு விரல் என் விரலாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வண்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். செங்கல்மேல் நின்றது வண்டி. முன்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மதிலுக்கு மேலே வெல்டர் அண்ணன் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, பஸ் வரலையா?"

அந்த நேரத்தில்தான் என் மாபெரும் திட்டம் உதித்தது. இந்த எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டு எதற்கு அழ வேண்டும்? இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மல்லிகாவைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினால்? நாள் முழுக்க வெயில். காலையில் தள்ள வேண்டாம். மத்தியானம் தள்ள வேண்டாம். ஆட்டுக்குப் பயந்து ராத்திரியும் தள்ள வேண்டாம்.

உள்ளே போய் அறிவித்தேன். என் மனைவி பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க. அவசரப்படாதீங்க. அடுத்த மாசம் ரிப்பேர் பண்ணணும்னு சொல்லிட்டிருந்தீங்களே."

"சக்கரமே இல்லாத வண்டியை ரிப்பேர் பண்ணி என்ன பண்றது? நான் முடிவு பண்ணிட்டேன்."

"நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"சரி, வெல்டர் அண்ணன்கிட்ட கொடுத்துடலாம். பதிலுக்கு என்ன வாங்கணும்னு நானும் அவரும் பேசிக்கிறோம். நாளைக்கு மத்தியானம் நீங்க வீட்டுக்கு வர வேண்டாம், சாப்பாட்டைக் கட்டித் தர்றேன். மல்லிகாவை நானே தள்ளிக்கிறேன்."

இடுப்பில் பாப்பாவோடு எப்படித் தள்ளுவாள் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டில் என்ன பொரியல் என்றுதான் கேட்கத் தோன்றியது.

மறுநாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வேகவேகமாக வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். கூடத்தில் நடந்தேன். சமையலறையைத் தாண்டிப் பின்வாசல் வரை வந்துவிட்டேன். ஒரு சட்டைகூட என் முகத்தில் அடிக்கவில்லை. வீடு மாறி வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் பயந்துபோனேன்.

பின்பக்கம், நாள் முழுக்க வெயில் விழுகிற அந்த ஒரே இடத்தில், இரண்டு இரும்புக் கம்பங்கள் நின்றன. பச்சைப் பெயிண்ட். உச்சியில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்குக் கொக்கி கயிறு. கயிறு முழுக்கப் பாப்பாவின் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன.

மதிலுக்கு மேல் வெல்டர் அண்ணன்.

"கம்பம் எப்படி இருக்கு தம்பி?"

"ஒரே நாள்ல செஞ்சுட்டீங்களாண்ணே?"

"ஒரே நாள்லயா? நல்லா சொன்னீங்க. நீங்க நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடியே தங்கச்சி சொல்லிடுச்சு. செஞ்சு, பெயிண்ட் அடிச்சு, எங்க வீட்டுச் சுவர்ல சாத்தி வச்சிருந்தேன். இடம் காலியாகணுமேன்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்."

'காத்துக்கிட்டிருந்தோம்.' அந்த 'தோம்' எனக்குள் தொம்மென்று விழுந்தது.

என் மனைவி காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"மல்லிகா எங்கே?" என்றேன்.

"கேட்டுக்கிட்ட. வெயில் இப்ப அங்கதானே இருக்கு."

"மரத்தை இங்க வைக்கணும்னுதானே நான் வண்டியைக் கொடுத்தேன்?"

"மரத்துக்குச் சக்கரம் இருக்குங்க. கம்பத்துக்கு இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"குடை மரம்தான் வேணும்னு நர்சரியில நீ அவ்வளவு அடம் பிடிச்சியே?"

"பிடிச்சேன். நான் ஒண்ணு வேணும்னு சொன்னா நீங்க வேற ஒண்ணைத்தானே எடுப்பீங்க." ஒரு குட்டிச் சட்டையை உதறி, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். "குடை மரம் இங்க வந்திருந்தா என் கொடிக்கு வெயில் எங்கிருந்து வரும், சொல்லுங்க."

மாடிவீடுகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். ஹேண்டில்பாரில் கை வைத்ததும் பின்னால் அவள் குரல் கேட்டது.

"என்னங்க, ஹாரன் அடிக்காம தள்ளிட்டு வாங்க. பாப்பா தூங்குது."