கட்டம் கட்டமாக ஒரு புத்தகம்

படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்வது பெரிய பாவமில்லை. ஆனால் அது எதைப் பற்றிய புத்தகம் என்றாவது தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வயதில் எனக்கு அந்தப் புத்தி இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கம். வேங்கிக்காலில் இருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜாதகத்தோடு ஒரு சிடியும் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் எழுதிய மின்னூலாம். "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்கே, பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றாராம்.

(படித்தது ஆறு மாத டிப்ளமோ. அலட்டல் ஆறு வருடத்துக்கு.)

செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டுத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கட்டங்கள். இடையிடையே தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள், கேள்விக்குறிகள். அங்கிருந்த நாலு தமிழ் எழுத்துருவையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் கட்டம் பெரிதானது. இன்னொன்றில் 'ழ' மட்டும் வரிசைகட்டி நின்றது.

"அவரு எந்த ஃபாண்ட்ல அடிச்சாரோ அது இருந்தாதான் மேடம் தெரியும். அவரையே கேளுங்க" என்றார் கடைக்காரர்.

கேட்பதா? கம்ப்யூட்டர் படித்த பெண்ணின் மானம் என்ன ஆவது! தமிழாசிரியர் எழுதினால் நாவலாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியை முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"புத்தகம் படிச்சியாம்மா?"

"படிச்சேங்க. ரொம்ப அருமைங்க."

"எந்த இடம் பிடிச்சுது?"

"கடைசி அத்தியாயங்க. என் கதையவே படிச்ச மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது மூல நோய்க்கு மூலிகை வைத்தியம்மா."

அவர் மனைவி என் அம்மாவின் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும் ரகசியக் குரலில், "எவ்ளோ நாளா இருக்கு?" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஜ்ஜியை மறுபடி பொரித்திருக்கலாம். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. ஒரு எழுத்துகூடத் தெரியல. எல்லாம் கட்டமா வந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு." கொட்டிவிட்டேன். இந்த முறை நிஜமாகவே அழுகை வந்தது.

தமிழாசிரியரின் முகம் வாடிவிட்டது. "இந்த சிடிய நாப்பது பேருக்குக் குடுத்தேன். அத்தனை பேரும் அருமைன்னாங்க. ஒருத்தரு வாழ்த்துரையே எழுதிக் குடுத்தாரு..."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் அப்பாவிடம் திரும்பினார். "உண்மைய சொன்னது உங்க பொண்ணு ஒருத்திதாங்க. தேதி பாக்கலாமா?"

மாமனார் என்னை நம்பிவிட்டார். மாமியார்தான் இன்றுவரை நம்பவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அதையெல்லாம் மறைக்கத்தான் செய்வாள் என்பது அவர் கட்சி. கோழிக்குழம்பு வைத்தால் எனக்கு மட்டும் தனிக் கிண்ணம்.

"உனக்குக் காரம் கம்மியா எடுத்து வெச்சிருக்கேன்" என்பார், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கிற நாளாகப் பார்த்து.