பாதுகாக்கப்பட்ட புழு

ஒரு காட்டில், உயிரினங்களைக் காப்பாற்ற ஓர் அலுவலகம் திறந்தார்கள். அன்றோடு உயிரினங்களுக்கு நிம்மதி போயிற்று.

அங்கே ஒரு பட்டமரம். மேல் பொந்தில் செந்தூரப்பாண்டி என்ற மரங்கொத்தி. கீழே, மக்கிய அடிமரத்துக்குள் பூவாத்தா என்ற வண்டும் அவள் பெற்ற புழுக்களும். தலையில் சிவப்புக் கொண்டை இருந்ததால் செந்தூரப்பாண்டியின் படம் காலண்டரில் வந்தது. படம் வந்ததால் அவன் அரிய பறவை ஆனான். அரிய பறவையின் வீட்டைப் பூச்சி அரிக்கலாமா? மரத்துக்கு மருந்தடிக்க உத்தரவு வந்தது.

பூவாத்தா உடனே அலுவலகத்துக்குப் பறந்தாள். அதிகாரி உடும்பார் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நானும் அதே மரத்துலதான் குடியிருக்கேன். எனக்கும் ரெக்கை இருக்கு. எம் புள்ளைங்கள காப்பாத்துங்க."

"ரெக்கை இருந்தா பறவையா? அவருக்கு ரெண்டு கால், உனக்கு ஆறு. அவரு முதுகெலும்புள்ள வகுப்பு. உனக்கு இருக்கா?"

"இல்லீங்க."

முதுகெலும்பு இல்லை என்று அந்த அலுவலகத்தில் ஒருவரைக் குறை சொன்னது அதுவே முதல் தடவை.

"எங்க இனமும் கொறஞ்சுகிட்டே வருதுங்க."

"யாரு எண்ணிப் பாத்தா? எண்ணாத வரைக்கும் நீங்க ஏராளம்."

பெற்ற வயிறு கேட்குமா? வாயை விட்டாள். "மருந்தடிச்சா புழுவெல்லாம் செத்துரும். அப்புறம் அவரு எதைத் தின்பாரு? எம் புள்ளைங்களக் கொத்தித் தின்னுதானே கொழுத்திருக்காரு!"

உடும்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

அந்தக் கணமே பூவாத்தாவின் குடும்பம் பூச்சி வகுப்பிலிருந்து தீனி வகுப்புக்கு உயர்ந்தது. மருந்து ரத்து. மரத்தில் பலகை மாட்டினார்கள்: 'அரிய பறவையின் உணவு. மற்றவர்கள் தொடக் கூடாது.'

பூவாத்தா பூரித்துப்போனாள். அக்கம்பக்கத்துப் பூச்சிகளைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டிப் பீற்றிக்கொண்டாள். பாதுகாப்பு கிடைத்த தெம்பில், ஆழத்தில் ஒளித்து வைத்திருந்த புழுக்களைக்கூடப் பட்டையோரம் வெயில் காய விட்டாள்.

செந்தூரப்பாண்டி இறங்கி வந்தான். பலகையை நிதானமாகப் படித்தான். பிறகு மூத்த புழுவிலிருந்து ஆரம்பித்தான்.

"அய்யோ, எங்களுக்குப் பாதுகாப்பு இருக்குய்யா!" என்று அலறினாள் பூவாத்தா.

"எனக்காகத்தானே தாயி பாதுகாத்தாங்க? இத்தனை நாளா திருட்டுத்தனமாத் தின்னேன், மனசு உறுத்தும். இப்ப கவர்மென்டே பரிமாறுது."

கடைசிப் புழுவும் போனபின் பூவாத்தா அழுதுகொண்டே அலுவலகத்துக்கு ஓடினாள். உடும்பார் அவளுக்காகவே காத்திருந்தார், கடுங்கோபத்தோடு.

"புழுவெல்லாம் ஒல்லியா இருந்துச்சுன்னு அவரு வருத்தப்படுறாரு. புள்ளைங்களுக்கு ஒழுங்கா சோறு போடுறதில்லியா நீ?"

நீதி: அதிகாரியிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை யார் இலையில் பரிமாறுவது என்பதை அவரே பார்த்து முடிவு செய்வார்.