அத்திப்பட்டுச் சாம்பலும் என் கைக்குட்டையும்

ஓவியக் கண்காட்சிகளில் 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டுவது என்னைப் போன்றவர்களுக்காகத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

நான் அத்திப்பட்டுக்காரன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் ஊரில் கேட்காமலே வீட்டுக்குள் வரும். உட்காரும் முன் நாற்காலியைத் துடைப்போம், சாப்பிடும் முன் தட்டைத் துடைப்போம். (என் அண்ணன் தாலி கட்டும் முன் மணவறைப் பலகையைத் துடைத்தான்.) யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

ரெஜினா எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியை, துறைமுகத்துப் பக்கம் கல்மண்டபத்துப் பெண். இரண்டு வருடக் காதல். "என் ஓவியக் கண்காட்சிக்கு எங்கப்பா வர்றாரு. உன்னைப் பாத்துட்டுத்தான் கல்யாணப் பேச்சாம். ஒழுங்கா நடந்துக்க" என்று சொல்லியிருந்தாள். அறிவாளியாகத் தெரிய வேண்டுமே என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நடு ஹாலில் ஆள் உயரப் படம். முழுக்கச் சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை. ஒரு மண்ணும் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் தூசி! பாவம், அவசரத்தில் துடைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கைக்குட்டையை எடுத்து அன்போடு துடைத்தேன். பளிச்சென்று வெள்ளைத் துணி தெரிந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ணிகினு கீற? அந்தத் தூசிதான்யா படம்! மூணு மாசம் ஸ்கூல் மாடியில வெறும் துணியைக் காயப்போட்டு எடுத்தாந்தேன்!" என்று ரெஜினா ஓடி வந்தாள்.

அனல்மின் நிலையத்தைக் குத்திக்காட்டும் படம் என்று அப்போதுதான் உறைத்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். "கலைஞருங்களுக்கு இன்னாத்துக்கு அரசியலு? பூ, மயில்னு அழகா வரையலாமில்ல?" என்றேன்.

"நான் எங்கய்யா வரைஞ்சேன்? அதுவா வந்து குந்திகிச்சு" என்றாள். கண்ணில் தண்ணீர். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் அப்பா, என் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். "இதையும் பக்கத்துல மாட்டு பாப்பா. இப்பத்தான் எனக்கே படம் புரியுது" என்றார். மாட்டினாள். வந்த கூட்டம் அதைத்தான் அதிகம் போட்டோ எடுத்தது.

ஆறு மாதத்தில் கல்யாணம். இன்று எங்கள் வீட்டு ஹாலில் அந்தக் கைக்குட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் யார் செய்தது என்று கேட்டால் ரெஜினா என்னைக் காட்டுவாள்: "இவருதான். அரசியலே வேணாம்னு சொல்லிகினே பண்ணாரு."