பின்வாசல் மதிப்பு

"அண்ணே, நில மதிப்பு பாக்குற ஆளு ஒருத்தர் புதன்கிழமை வர்றாராம். தையல் கடை எதுன்னு எங்கிட்ட விசாரிச்சுட்டுப் போறாரு," என்று டீக்கடைக்காரர் சொன்னதும், தையல்காரரின் கத்தரி துணியில் கோணலாக ஓடியது.

கடை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. கட்டடக்காரர் வாடகையை ஏற்றத்தான் ஆள் விடுகிறார், வேறென்ன? ஏற்றினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எல்லாம் இந்த முகப்பால வர்ற வினை, அத்தை," என்றார், மூலையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மாமியாரிடம். "கடைத்தெருவைப் பாத்து நிக்குதுல்ல, அதான் யானை விலை. இதே கட்டடத்தோட முதுகைப் பாருங்க. பின்சந்து. சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

"என் கொட்டாய் அங்கதான் இருக்கு, மாப்பிள்ளை."

"அதைத்தான் சொல்றேன்."

அப்பா வழியில் மாமியாருக்கு வந்த தகரக் கொட்டாய் அது. உள்ளே கால் உடைந்த கட்டில் ஒன்றும், யாருக்கும் அடங்காத பூனை ஒன்றும் இருந்தன.

அந்தச் சந்தின் கோலத்தை நினைத்ததும் தையல்காரருக்கு மூளை வேலை செய்தது. மதிப்பு பார்க்கிறவர் முன்கூட்டியே வந்து நோட்டம் விட்டாலும் விடுவார் என்று அன்றே முன்கதவைப் பூட்டி, 'வழி பின்பக்கம்' என்று அட்டை மாட்டினார். சந்து வழியாக வரட்டும். குப்பையைப் பார்க்கட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போகட்டும்.

ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சீருடைக்கு அளவு கொடுக்க அம்மாக்களும் பிள்ளைகளும் சந்துக்குள் வரிசை கட்டினார்கள். மறுநாளே பழவண்டிக்காரர் வரிசையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க யாரு உங்களைக் கூப்பிட்டது? போங்கய்யா முன்பக்கம்!"

"முன்பக்கம் யாரு இருக்கா, உங்க பூட்டா பழம் வாங்கும்?"

சண்டையைப் பார்க்க இன்னும் பத்துப் பேர் கூடினார்கள். கூடியவர்கள் பழம் வாங்கினார்கள்.

கூட்டத்தை விரட்ட, தையல்காரர் ஒரு பானைத் தண்ணீரைக் கொட்டிச் சந்துத் தரையைச் சேறாக்கினார். செருப்பு அறுந்தவர்களைப் பார்த்துச் செருப்புத் தைப்பவர் வந்து உட்கார்ந்தார். டீக்கடைக்காரரோ சேற்றின்மேல் பலகை போட்டு, பலகை முடியும் இடத்தில் தன் அடுப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, இடம்னா இதுதாண்ணே! இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

தையல்காரருக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை வந்தவர் பலகைமேல் நடந்து, பழம் தின்று, டீ குடித்து, சந்து முழுவதையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "அருமையான இடம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் ஊசி, நூலையெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் கட்டடக்காரரே வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏம்ப்பா, கடைத்தெருவுல ஈ காக்கா இல்லையே! உன் பூட்டைப் பாத்துட்டு அடுத்த ரெண்டு கடைக்காரங்களும் காலி பண்றோங்குறாங்க. நீயும் போயிடாத. பழைய வாடகையே குடு, போதும்."

தையல்காரர் வாய் பிளந்தார். "அப்ப மதிப்பு பாக்க ஆள் அனுப்பினீங்களே?"

"நானா? எந்த ஆளு?"

மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான்தான் வரச் சொன்னேன், மாப்பிள்ளை. கொட்டாயை வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு இருந்தேன். இப்ப அந்த ஆளு கொட்டாய்க்குப் போட்டிருக்குற மதிப்புக்கு, ஐயா இந்தக் கட்டடத்தைத் தருவாரான்னு கேளுங்க, முகப்புதான் மலிஞ்சு கெடக்கே!"