புருசெத் சுற்றுவட்டத்தை நான் வலம்வந்தது பற்றி

புருசெத்,
ஒஸ்லோ.

பெருமதிப்புக்குரிய அத்தான் அருட்செல்வம் அவர்கட்கு, மைத்துனன் சச்சிதானந்தன் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் வசந்தமலரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மானத்தின் நிலைமையைக் கீழே விபரமாக எழுதுகிறேன். அங்கே லண்டனில் நீங்களும் அக்காவும் மணப்பெண் மயூராவும் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, ஒருவரையொருவர் அதிகம் ஏசாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பின்னேரம் புருசெத் சுற்றுவட்டத்தை நான் காரில் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். பட்டப்பகலில். பின் இருக்கையில் இந்திரா அக்காவை வைத்துக்கொண்டு. இந்திரா அக்காவை நீங்கள் அறிவீர்கள். ஒஸ்லோக் கோயிலில் ஐயர் மணியடிப்பதற்கு முதல், பூசை முடிந்த செய்தியை ரொறன்ரோவுக்குச் சொல்லிவிடுகிறவர். அவர் உங்களுக்குப் போன் எடுக்க முன்னர் என் பக்க நியாயம் உங்கள் கைக்கு வரவேண்டும் என்பதால் இதை எழுதி, படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மரியாதைக்காக அசல் தபாலில் வரும்.

குற்றவாளி யார் என்று கேட்டால், அத்தான், கோபிக்காதீர்கள், நீங்கள்தான். மயூராவை மண்டபத்துக்குக் கொண்டுபோகிற காரைத் தாய்மாமன் நான்தான் ஓட்டுவேன் என்று போனில் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சச்சி, நீ முப்பது வருசமா வலப்பக்கம் ஓடுறவன். இஞ்சை வந்து என்ரை பிள்ளையை லொறிக்குக் குடுக்கப்போறியே? தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சாரதி ஒருத்தனைப் பேசியாச்சு, நீ வந்து சாப்பிட்டிட்டுப் போ" என்றீர்கள். சொன்னதோடு நிற்கவில்லை. பிரித்தானிய வீதிச் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி, "முதல் இதை வாசி" என்று முதல் பக்கத்தில் எழுதித் தபாலில் அனுப்பினீர்கள். நான் வாசிக்க மாட்டேன் என்று நினைத்துத்தான் அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசித்தேன். உங்கள் நாட்டில் எத்தனையோ வருடமாகக் கார் ஓடுகிற நீங்கள் வாசித்திருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அருமையான புத்தகம். அதில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் சட்டம்; மீறினால் குற்றம். 'ஷுட்' என்று போட்டிருந்தால் புத்திமதி. கேட்காவிட்டால் உடனே குற்றமில்லை, ஆனால் பிறகு வழக்கு என்று வந்தால் அதையே எடுத்து உங்களுக்கு எதிராக வைப்பார்கள். வசந்தமலர் "உங்கடை விருப்பம்" என்று சொல்வது இந்த இரண்டாம் வகை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. சமிக்ஞை விளக்குப் பக்கத்துக்கு வாருங்கள். சிவப்பு என்றால் நில். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து வந்தாலும் நில். மஞ்சள் மட்டும் வந்தாலும் நில். சரி, பச்சை என்றால் போ என்று இருக்கும் என்று பார்த்தால், வழி சும்மா கிடந்தால் போகலாம் என்று இருக்கிறது. பிரித்தானியச் சட்டம் வீதியில் ஒருவரையும் வாய்விட்டுப் போ என்று சொல்வதில்லை, அத்தான். அப்படிச் சொல்வதற்கு அவர்களிடம் குடிவரவுப் பகுதி தனியாக இருக்கிறது. பிறகு வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு ஒன்று. அதற்கு நாட்டின் பொது வேக எல்லை என்று பொருள். எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்காது, நாங்களாகவே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அக்காவின் கோபம் மாதிரி, தாண்டிய பிறகுதான் எல்லை எங்கே இருந்தது என்று தெரியும். முன்விளக்கை மினுக்கினால் அதற்குச் சட்டத்தில் ஒரே பொருள்தான்: நான் இங்கே நிற்கிறேன். வேறொன்றும் இல்லை. எங்கள் சங்கத் தலைவர்கள் மேடையில் ஒரு மணித்தியாலம் பேசுவதும் இதே பொருளில்தான்.

ஆனால் இடப்பக்கம் ஓடுவதைப் புத்தகத்தில் வாசித்துப் பழக முடியாதே. ஊரிலும் இடப்பக்கம்தான், அதுவும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான், ஆனால் ஊரில் நான் ஓடியது சைக்கிள். அதையும் நடு றோட்டில் ஓடினவன். ஆகவே மேல்மாடியில் இருக்கிற ராகவனைப் பிடித்தேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, கணினி வேலை, என்னைப் போலவே தலையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் என்னை அங்கிள் என்பான். "அங்கிள், இது ரொம்ப சிம்பிள். கோயில்ல பிரதட்சிணம் வர்றோம்ல, லண்டன் ரவுண்டபவுட் அதே டைரக்‌ஷன்தான். நீங்கதான் இங்க இத்தனை வருஷமா அப்பிரதட்சிணமா சுத்திட்டு இருக்கீங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பாருங்கள் அத்தான். நோர்வேக்கு வந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் சாமி சுற்றக்கூடாத பக்கமாகச் சுற்றியிருக்கிறேன். மூட்டுவலி, தலைமயிர், வீட்டுக் கடன், எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் காரணம் கிடைத்துவிட்டது. "தம்பி, நீர் இந்தியாவிலை கார் ஓடினனீரோ?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், ஆபீஸ் கேப்தான். ஆனா ஜன்னல் சீட்டு" என்றான். அந்தத் தகுதி எனக்குப் போதுமாக இருந்தது.

அதனால் சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன், கும்பிட அல்ல, பயிற்சிக்கு. நவக்கிரகத்தைச் சுற்றி நல்ல சனம். சனிபகவானுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற கூட்டம். லண்டன் சந்தி ஒன்றுக்கு இதைவிட நல்ல ஒத்திகை உலகத்தில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? சுற்றுவட்டத்துக்குள் நுழைய முதல், வலப்பக்கத்தால் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும். விட்டேன். விட்டுக்கொண்டே நின்றேன். எங்கள் சனம் இடைவெளி விட்டு நடந்த சரித்திரம் இல்லை. ஒருவரின் முதுகில் மற்றவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் சாமி சுற்றுவோம். நான் வலப்பக்கச் சமிக்ஞையாக வலக்கையை நீட்டிக்கொண்டு நின்றபடியால், பிரசாதம் கொடுத்துக்கொண்டு வந்த ஒருவர் நீட்டிய கையில் எள்ளுச்சாதத்தை வைத்துவிட்டுப் போனார். சோற்றோடும் சமிக்ஞையை இறக்காமல் நின்றேன், காரணம் சட்டம். அப்போதுதான் பின்னாலிருந்து இந்திரா அக்காவின் குரல் வந்தது.

"என்ன சச்சி, சோத்தை வைச்சுக்கொண்டு காகத்துக்கோ பாக்கிறீர்? வழியை விடும்."

"வலப்பக்கத்தாலை வாறவைக்கு வழி விடுறன் அக்கா."

"அப்ப பின்னாலை நிக்கிற நாங்கள் மனிசர் இல்லையோ?"

"நீங்கள் பொறுக்கவேணும். சட்டம்."

"ஆற்றை சட்டம்?"

"பிரிட்டிஷ் சட்டம்."

"அது எப்ப கோயிலுக்கை வந்தது?"

"அது போகாத இடம் எது அக்கா?" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் என்னை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் கையிலிருந்த சட்டியின் எண்ணெய் முழுக்க என் வேட்டியிலும், மிச்சம் அவருடைய பட்டுச் சேலையிலும் போனது. சட்டப்படி தவறு அவருடையது. ஆனால் வசந்தமலர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வை 'மஸ்ட்' வகையைச் சேர்ந்தது. சமாதானத்துக்காக இந்திரா அக்காவைக் காரில் ஏற்றி வீட்டில் இறக்குவதென்று முடிவானது. என் கிரகம் அந்த இடத்தில்தான் மாறியது.

வழியெல்லாம் அவர் சேலையின் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். என் மனமோ உங்கள் புத்தகத்தில் இருந்தது. புருசெத் சுற்றுவட்டம் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், சமிக்ஞை போட்டேன், இடப்பக்கமாக உள்ளே திரும்பினேன். பிரித்தானியப் பரீட்சகர் பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து கைதட்டியிருப்பார். பக்கத்தில் இருந்தது வசந்தமலர். "ஐயோ, பஸ்! பஸ்! எங்கையப்பா போறியள்?" என்று கத்தினாள். உண்மையிலேயே எனக்கு நேரே முகத்தோடு முகம் ஒரு சிவப்பு பஸ் நின்றது. பின்னால் இந்திரா அக்கா தேவாரம் தொடங்கிவிட்டார். நோர்வேச் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் அத்தான், ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. எல்லாக் கார்களும் நின்று, ஒரு சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வயதான அம்மா மட்டும் கண்ணாடியை இறக்கி, அம்புலன்ஸ் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். பஸ் சாரதி தன் பக்கக் கண்ணாடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். ஒஸ்லோவில் பஸ் சாரதி யாராக இருப்பான் என்று உங்களுக்குத் தெரியுந்தானே.

"அண்ணை! இது கோயில் இல்லை! மற்றப் பக்கம்!"

அவனே இறங்கி வந்து, பின்னால் நின்ற கார்களைக் கையால் மறித்து, "ஸ்டியரிங்கை ஒடியுங்கோ, ஒடியுங்கோ, இப்ப நேராக்குங்கோ" என்று என்னை வெளியே எடுத்துவிட்டான். போகும்போது "எந்த ஊர் அண்ணை?" என்றும் கேட்டான். நான் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன். அன்றிரவே எங்கள் பகுதி மக்களின் முகநூல் குழுவில் படம் வந்துவிட்டது. கார் இலக்கத்தை நாகரிகமாக மறைத்திருந்தார்கள். பின்கண்ணாடி முழுக்க நான் ஒட்டியிருக்கிற மயிலையும் முருகனையும் மறைக்கவில்லை.

இந்திரா அக்கா மூன்று சுற்று என்று சொல்வார். நம்பாதீர்கள். அரைச் சுற்றுத்தான், பஸ் நின்றபடியால் அதற்கு மேல் முடியவில்லை. ஆனால் நீங்கள் ஒரு நீதிபதியைப் போல யோசியுங்கள். ஒஸ்லோவின் நடுவில் வைத்து ஒரு மனிதன் தன்னை மறந்து லண்டன்காரனைப் போல ஓடுகிறான் என்றால், அவனுக்கு உங்கள் சட்டம் எலும்புவரை இறங்கிவிட்டது என்றுதானே பொருள்? லண்டனில் வைத்து நான் பிழைவிட விரும்பினாலும் இனி முடியாது. இதைத் தகுதிக் குறைவு என்று சொன்னால் பிறகு எதைத்தான் படிப்பு என்பது?

பகிடியை விடுங்கள். மயூரா பிறந்தபோது நான் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் பயணம் செய்ய ஒரு பத்திரமும் இருக்கவில்லை. அவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு டிக்கெட் எடுத்து, பெட்டியும் கட்டி, சீலையும் தோடும் வாங்கி விமான நிலையத்தில் போய் இருந்தேன். ஐஸ்லாந்தில் எரிமலை புகைத்து ஒரு விமானமும் எழும்பவில்லை. தாய்மாமன் வார்க்கவேண்டிய தண்ணீரை உங்கள் ஒன்றுவிட்ட தம்பி வார்த்தார். பட அல்பத்தில் அவர் நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இந்த முறையும் தொப்பிக்காரன் ஒருவன் அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட, நான் மண்டபத்துக்குள் வடையோடு இருப்பதா? வீட்டிலிருந்து மண்டபம் வரை, உங்கள் சட்டம் அனுமதிக்கிற வேகத்தில், அல்லது அதிலும் பாதியில், அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வேண்டுமானால் நீங்கள் பக்கத்தில் இருந்து நில் என்றால் நிற்கிறேன். அந்தச் சாரதியின் தொப்பியையும் போட்டுக்கொள்கிறேன். இதற்குமேல் கெஞ்ச எனக்குத் தெரியாது அத்தான்.

மணமக்கள் போகிற சந்தியெல்லாம் பச்சை எரியட்டும். ஒருவருக்கொருவர் வழிவிடுகிற பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு கிழமையாவது நிலைக்கட்டும். அக்காவுக்கு என் பணிவு. வசந்தமலர் எல்லோரையும் சுகம் விசாரிக்கிறாள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
சச்சிதானந்தன்

பிற்குறிப்பு: வசந்தமலர் இதை வாசித்துவிட்டு, ஒரு வரி சேர்க்காமல் அனுப்ப விடமாட்டேன் என்று போனைப் பறித்து வைத்திருக்கிறாள். சேர்க்கிறேன். போன கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாளும் இதே சுற்றுவட்டத்தை இதே பக்கமாகத்தான் சுற்றினேன். உங்கள் புத்தகம் வந்தது தை மாதம்.