முள் எண்பதில்தான் நின்றது

ஜார்ஜ் டவுன்,
14 செப்டம்பர் 2025, ஞாயிறு.

பொறுமைக்குப் பேர்போன மருமகன் அருணனுக்கு, மாமா பரமநாதன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வீடும் காரும் சுகம். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் ஊரில் நீங்களும், மகள் நிரோஷாவும், பிறந்து இருபத்து நான்கு நாளான என் பேத்தியும், அவளைக் குளிப்பாட்ட வந்து அங்கேயே தங்கிவிட்ட என் மனைவி பத்மாவதியும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இதை வாட்சப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நான் அனுப்பிய பதினொரு செய்திகளுக்கும் நீல டிக் மட்டுமே பதிலாக வந்தது. தபாலில் நீல டிக் கிடையாது என்ற தைரியத்தில் கடிதம் எழுதுகிறேன்.

இது மன்னிப்புக் கடிதம். துறைமுகத்து அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்தவன், நடந்ததை வரிசைப்படி எழுதாமல் எதையும் கேட்டுப் பழக்கமில்லை, ஆகவே முதலில் நடந்தது. ஆகஸ்ட் 25ஆம் தேதி, உங்கள் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் என் காரில் அழைத்துப் போனோம். நீங்கள் ஓட்டினீர்கள், பத்மாவதி முன்னால் இருந்தா, பின்னால் நிரோஷாவும் பிள்ளையும் நானும். ஏறும்போதே “முள் எண்பதைத் தாண்டக்கூடாது” என்று சொன்னேன், நீங்களும் “சரி மாமா” என்றீர்கள். கடல்மேல் போகிற இரண்டாம் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரத்தில் ஒரு போர்டு, வருகிற காரின் வேகத்தைக் காட்டுகிற போர்டு, அதில் சிவப்பாக எண்பத்தேழு என்று மின்னியது. அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத எனக்கே கை கூசுகிறது, ஆனாலும் வரிசை என்றால் வரிசைதான். “நாலு நாள் பிள்ளையை வச்சுக்கொண்டு பறக்கிறீரா? நீர் என்ன மனுசன்?” என்றேன். நீங்கள் “மாமா, மீட்டர்ல எண்பதுதான் லா, எட்டிப் பாருங்கோ” என்றீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. “போர்டு பொய் சொல்லாது, நீர்தான் பொய்க்காரன்” என்று சொல்லி, ஓரமாக நிறுத்த வைத்து, உங்களைப் பின்னால் உட்கார வைத்து, எண்பதில் எப்படி ஓட்டுவது என்று காட்டுவதற்காக கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். “நிரோஷாவை நான் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வரேக்க முள் நாப்பதைத் தாண்டேல்லை, என்ட புத்தகத்தில இருக்கு!” என்று பாலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முள் எண்பதில் ஆணி அடித்ததுபோல நின்றது. பாலம் இறங்கியதும் அடுத்த போர்டு. அதிலும் எண்பத்தேழு, அதே சிவப்பு. “பார், உன்ட புருசன்ட நம்பர் இன்னும் அழியேல்லை” என்றேன். நிரோஷா, “அப்பா, அது ஒவ்வொரு காரையும் புதுசாத்தான் பார்க்கும்” என்றாள். பத்மாவதி ஸ்டியரிங்கில் இருந்த என் கையை ஒரு தடவை தட்டினா. நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவ அப்படித் தட்டிய நாட்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன், ஒன்றிலும் எனக்கு நல்லது நடந்ததில்லை. வீட்டு வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் சத்தமே போடாமல் சொன்னீர்கள்: “மாமா, முப்பத்தொண்டாம் நாளுக்குக் கட்டாயம் வாங்கோ. ஆனா கோயிலுக்குப் பிள்ளை என்ட கார்லதான் வரும். உங்கட கார்ல இனி ஏத்தமாட்டன்.” நீங்கள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனம் ஆறியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

தம்பி, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் பிறப்புத் துடக்குக் கழித்து, பிள்ளையை முதல் தடவை கோயிலுக்குக் கொண்டுபோவது என் காரில்தான் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக வெள்ளைச் சீட்டு உறை வாங்கிப் போட்டேன். அதற்காகத்தான் தம்பி, ஜூலை மாதம் டயரும் மாற்றினேன். சனியன் அங்கேதான் ஏறியது.

என் லாக் புத்தகம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் நிரோஷாவும் அதைப் பார்த்துச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். கார் எங்கே போனாலும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதுவேன், துறைமுகத்தில் லாரிகளுக்கு எழுதி எழுதி வந்த பழக்கம். இங்கிருந்து சுங்கை பாக்காப்பில் பத்மாவதியின் தங்கை வீட்டுக்கு எப்போதும் 38.6 கிலோமீட்டர். ஜூலையிலிருந்து 35.6. மூன்று கிலோமீட்டரைக் காணோம்! ரோட்டை நேராக்கிவிட்டார்கள் என்று மகிழ்ந்து, சம்பந்தப்பட்ட இலாகாவைப் பாராட்டிப் பத்திரிகை ஆசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நல்லவேளை அவர் போடவில்லை. இப்போது பத்மாவதியும் அங்கே தங்கிவிட்டபிறகு, வேறு வேலை இல்லாமல் புத்தகத்தைப் புரட்டினால், வீட்டிலிருந்து கோயில் 4.1 இருந்தது 3.8 ஆகியிருக்கிறது. ரோட்டை நேராக்கலாம், சரி. கோயிலை யார் என் வீட்டுப் பக்கம் தள்ளி வைத்தது? அப்போதுதான் ஜூலையில் மாற்றிய டயர் நினைவுக்கு வந்தது.

நேரே டயர்க்கடை சுலைமானிடம் போனேன். புத்தகத்தைக் காட்டியதும் அவர் தலையிலடித்துக்கொண்டார். “அண்ணே, அன்னைக்கே சொன்னேனா இல்லையா? உங்க சைஸ் ஸ்டாக்ல இல்ல, ரெண்டு நாள் பொறுங்கன்னு சொன்னேன். நீங்கதான் அந்தப் பெரிய டயரைக் காட்டி, ‘அதே விலைக்கு ரப்பர் கூட இருக்கே, இதையே போடு’ன்னு நின்னீங்க.” நின்றது உண்மை. ரிம் ஒன்றுதான், டயர் மட்டும் உயரம் கூடுதல். “அதுக்கும் மீட்டருக்கும் என்ன?” என்று கேட்டேன். “மீட்டருக்கு ரோடு தெரியாதுண்ணே, சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் தெரியும். சக்கரம் பெருசாச்சுன்னா ஒரு சுத்துக்குக் கூட தூரம் போகும். ஆனா மீட்டர் பழைய சக்கரம்னு நெனச்சே எண்ணும். தூரமும் கம்மியா காட்டும், வேகமும் கம்மியா காட்டும். நீங்க எண்பதுன்னு போறப்ப கார் எண்பத்தேழுல போகுது.” நான் நம்பவில்லை. பக்கத்தில் அவரை உட்கார வைத்து ஓட்டினேன், அவர் கைப்பேசியில் வேகம் பார்த்தார். முள் எண்பது, கைப்பேசி எண்பத்தேழு. கைப்பேசியும் அந்தப் போர்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை, இரண்டும் ஒரே நம்பரைச் சொல்கின்றன. இனி யாரைப் பொய்க்காரன் என்பது?

ஆகவே மருமகனே, நீங்கள் சொன்னது உண்மை. போர்டு சொன்னதும் உண்மை. பொய் சொன்னது என் மீட்டர், அதைப் பொய் சொல்ல வைத்தது நான். என் பேத்தியின் முதல் பயணத்தில் அவளுடைய அப்பாவை அவள் எதிரிலேயே பொய்க்காரன் என்றேன். அது பெரிய தவறு, வெட்கமாக இருக்கிறது, மன்னித்துவிடுங்கள். இத்தோடு நிறுத்தும்படி பத்மாவதி போனில் சொன்னா. இருந்தாலும் ஒன்று, நீங்களும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருந்தால் நான் கண்ணாடியை எடுத்துப் போட்டிருப்பேன். சரி விடுங்கள். பழைய சைஸ் டயர் வெள்ளிக்கிழமை வந்துவிடும், சுலைமான் சத்தியம் செய்திருக்கிறார். ஞாயிறு முப்பத்தோராம் நாள். பிள்ளையை என் காரில் ஏற்ற மனம் வையுங்கள். நான் எப்படி ஓட்டுவேன் என்பதற்கு அத்தாட்சியாக, முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நிரோஷாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளின் லாக் பக்கத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைக்கிறேன்.

உங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கவும், பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரவும், பத்மாவதி விரைவில் வீடு திரும்பவும் வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மை நாடும் மாமா,
க. பரமநாதன்.

பி.கு.: பிரதி எடுக்கப் பழைய புத்தகத்தைத் தேடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பட்டர்வொர்த் ஆஸ்பத்திரி, புறப்பட்டது 11.10. சுங்கை பாக்காப்பில் மாமியார் வீடு, சேர்ந்தது 11.34. தூரம் 30 கிலோமீட்டர். என் கையெழுத்துதான். மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன் தம்பி. சராசரியே எழுபத்தைந்து வருகிறது. டவுனில் சிவப்பு விளக்குகளில் நின்றதையும் சேர்த்து எழுபத்தைந்து என்றால், மற்ற இடத்தில் எவ்வளவு போயிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி, நானும் நம்பிவிட்டேன். நிரோஷா அன்றைக்கு வழி முழுக்க அழுதாள். எனக்குப் பயம், எப்படியாவது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைப்பு. அன்று டயர் சரியான சைஸ்தான்.

பிரதி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை உங்கள் காரிலேயே வரட்டும், நீங்களே ஓட்டுங்கள். பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் தந்தால் போதும். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.