ஒரே பேரில் இரண்டு ரெக்கார்டு நோட்டு

ஆசிரியர் தின விழாக்களில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் மைக்கைப் பிடித்து, சின்ன வயதிலிருந்தே இந்த வேலைமேல் தங்களுக்கு எவ்வளவு ஆசை என்று பேசுவார்கள். கேட்டால் கண் கலங்கும். என் முறை வரும்போது மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் (வருடா வருடம், தவறாமல்). உண்மையைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும். நான் பிசிக்ஸ் டீச்சர் ஆனது ஆசைப்பட்டு இல்லை, பயந்து. அதுவும் சாதாரண பயமா? 2008 பிப்ரவரியில் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியின் லேப் வராந்தாவில், வந்த பயம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு விழா நடக்கும்போது வகுப்பில் ஒருத்தி எழுந்து, இத்தனை வருடம் நாங்கள் எப்படி இருந்தோம், இன்னும் பத்து வருடம் கழித்து யார் யார் என்னவாக இருப்போம் என்று எழுதி வாசிக்க வேண்டும். அதற்குப் பெயர் ‘ஜோசியம்’. எங்கள் வருடத்தில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. கட்டுரைப் போட்டியில் இரண்டு முறை மூன்றாம் பரிசு வாங்கியிருந்ததால் என்னை நானே பெரிய எழுத்தாளராக நினைத்துக்கொண்டிருந்த காலம்.

மேடையில் வாசிப்பதற்கு ஒரு ஜோசியம் எழுதினேன். அதில் எல்லோரும் டாக்டர், இன்ஜினியர், கலெக்டர். டீச்சர்கள் எல்லோரும் மெழுகுவத்திகள். அதை எழுதி முடித்ததும் எனக்கே வாய் கசந்தது. அதனால் எங்களுக்குள் படித்துச் சிரிக்க இன்னொன்று எழுதினேன். அதுதான் உண்மையான ஜோசியம். சர்க்யூட் படத்தைத் தப்பாக வரைந்து, அழித்து, அழித்த இடம் கிழிந்து, நான் தள்ளி வைத்திருந்த பழைய பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு ஒன்று இருந்தது. அதில் எழுதினேன். நோட்டுக்கு மரியாதையாக, ரெக்கார்டு எழுதும் முறையிலேயே எழுதினேன்.

முதலில் பழைய கதை. ஆறாம் வகுப்பில் யார் யார் அழுதோம் என்பதிலிருந்து ஆரம்பம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு லீவில் சுனாமி வந்தது. பள்ளி திறந்தபோது, நிவாரண முகாமாகியிருந்த எங்கள் வகுப்பில் பெஞ்சுகளுக்குப் பதிலாகப் பாயும் பாத்திரமும் இருந்தன. கடலோரத் தேவனாம்பட்டினத்துச் செல்வராணி அதே வகுப்பில் குடும்பத்தோடு தங்கியிருந்தாள். “நான்தான்டி இன்னிக்கி ஃபர்ஸ்ட்டு வந்தேன்” என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் அன்று சிரிக்க முடியவில்லை.

அப்புறம் வருங்காலம். ஆளுக்கு ஒரு சோதனை.

‘சோதனை எண் 11. செல்வராணி. நோக்கம்: கடலுக்கு எட்டாத உயரத்தில் வீடு கட்டுதல். தேவையான கருவிகள்: கலெக்டர் நாற்காலி ஒன்று. முடிவு: மூன்றாம் மாடி. லிப்ட் உண்டு.’

‘சோதனை எண் 17. பாத்திமா. நோக்கம்: பாத்திமா பேசாமல் இருக்கும் நேரத்தைக் கண்டறிதல். தேவையான கருவிகள்: நிறுத்துக் கடிகாரம், பஞ்சு. முடிவு: கடிகாரத்தை ஓடவிட வாய்ப்புக் கிடைக்கவில்லை. ரேடியோவில் வேலை.’

இப்படி முப்பத்தெட்டுப் பேர். கடைசியில், கை சும்மா இருக்காமல், எங்கள் பிசிக்ஸ் டீச்சர் எஸ்தர் மிஸ்ஸுக்கும் எண் போடாமல் ஒன்று. எஸ்தர் மிஸ் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குரூப் போட்டோக்காரர் கெஞ்சியும் நடக்கவில்லை. ‘நோக்கம்: எஸ்தர் மிஸ்ஸின் சிரிப்பின் கால அளவைக் கண்டறிதல். காட்சிப்பதிவு: முதல் முயற்சி 0 வினாடி. இரண்டாம் முயற்சி 0 வினாடி. மூன்றாம் முயற்சி 0 வினாடி. சராசரி 0. முடிவு: கருவி பழுது.’

இந்த நோட்டையும் நல்ல ரெக்கார்டையும் ஒரே நாளில், ஒரே பிரவுன் ஷீட் சுருளில், என் அம்மாவே அட்டை போட்டுக் கொடுத்தார். இரண்டிலும் ஒரே லேபிள். ‘க. சங்கீதா, XII, இயற்பியல்.’ வருவது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

செய்முறைத் தேர்வு அன்று சிதம்பரத்திலிருந்து எக்ஸ்டர்னல் மேடம், அதாவது வெளிப்பள்ளித் தேர்வாளர், வந்திருந்தார். காலையிலேயே லேப் உதவியாளர் கஸ்தூரி அக்கா எல்லோருடைய ரெக்கார்டையும் வாங்கி அடுக்கி, எக்ஸ்டர்னல் மேசைக்குக் கொண்டு போய்விட்டார். ரெக்கார்டு இல்லாதவள் உள்ளே போக முடியாது. செய்முறையில் பெயில் என்றால் பிளஸ் டூவே பெயில். நான் இரண்டாவது பேட்ச். வராந்தாவில் உட்கார்ந்து சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பாத்திமாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏய், அந்த ஜோசிய நோட்ட எடுடி. டென்ஷனா இருக்கு, சிரிச்சிட்டுப் போவோம்.”

பையைத் திறந்து எடுத்தேன். பிரித்தேன். முதல் பக்கத்தில் அழகான சர்க்யூட் படம். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எஸ்தர் மிஸ்ஸின் கையெழுத்து.

அது நல்ல ரெக்கார்டு.

“இது இங்க இருந்தா, அது எங்க?” என்றாள் பாத்திமா. அவள் வாழ்க்கையிலேயே மெதுவாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அது உள்ளே இருந்தது. எக்ஸ்டர்னல் மேடத்தின் மேசையில். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் எஸ்தர் மிஸ் இருந்தார்.

பெயில் ஆவேன். டி.சி. கொடுப்பார்கள். டி.சி.யில் ‘நடத்தை’ என்ற இடத்தில் என்ன எழுதுவார்கள்? எங்கள் அப்பா கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஊரில் எவன் எவனுக்கு என்ன தீர்ப்பு என்று அடித்துக்கொடுத்தே பழகியவர். இன்று என் தீர்ப்பு. பாடலீஸ்வரருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். “நானும் துவா கேக்குறேன்டி” என்று பாத்திமா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று.

சும்மா இருந்திருக்கலாம். பிறகுதான் தெரிந்தது, அந்த மேடம் அதுவரை எந்த நோட்டையும் புரட்டவே இல்லையாம். மேல் அட்டையைத் தூக்குவது, கையெழுத்துப் போடுவது, மூடுவது, அவ்வளவுதான். ஜோசிய நோட்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். ஆனால் பதினேழு வயதில் யார் சும்மா இருப்பது? தண்ணீர்க் குடத்தோடு வந்த கஸ்தூரி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, ரெக்கார்டு மாறிப்போச்சுக்கா. இத உள்ள வச்சிட்டு அத எடுத்தாந்துடுக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எடுக்கல்லாம் முடியாதும்மா. அவுங்க கண்ணு முன்னாடிதான இருக்கு. வேணுன்னா இத வக்கிறேன்” என்று அக்கா நல்ல ரெக்கார்டை வாங்கிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேராகப் போய், அடுக்கின் மேல் அதை வைத்து, எக்ஸ்டர்னல் மேடத்திடம் குனிந்து ஏதோ சொன்னார். மேடம் அடுக்கைக் கலைத்தார். கீழேயிருந்து இன்னொன்றை உருவினார். இரண்டு லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அன்று முதல் தடவையாக, ஒரு ரெக்கார்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

“அக்கா, என்ன சொன்ன?” என்றேன், வெளியே வந்தவரிடம்.

“உண்மையத்தான் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு ரெண்டு ரெக்கார்டு இருக்கு மேடம், ரெண்டையும் பாருங்கன்னேன்.”

உள்ளே கூப்பிட்டார்கள். சீட்டெடுத்ததில் எனக்கு வந்தது சுரமானி. இழுத்துக் கட்டிய கம்பியின் மேல் மடித்த சின்னக் காகிதத்தை வைக்க வேண்டும். கரன்ட் கொடுத்துக் கம்பி சரியாக அதிரும்போது அந்தக் காகிதம் துள்ளி விழும். என் மேசையில் சுவிட்ச் போடும் முன்பே விழுந்தது. எடுத்து வைத்தேன், விழுந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைதான் காரணம் என்று புரிய ஐந்தாவது காகிதம் வரை ஆனது. அந்தப் பக்கம் எக்ஸ்டர்னல் மேடம் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. கணக்குப் போட்டால் கரன்டின் அதிர்வெண் எழுபத்து மூன்று வந்தது. இந்தியா முழுக்க ஐம்பது என்று தெரிந்ததால் ஐம்பது என்று எழுதிக் கொடுத்தேன்.

“சங்கீதா யாரு? இங்க வாம்மா.”

போனேன். மேசைமேல் ஜோசிய நோட்டு திறந்து கிடந்தது. எஸ்தர் மிஸ் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டாரா, இனிமேல்தானா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை (கருவி பழுது).

“பதினேழாவது சோதனையில பஞ்சுன்னு போட்டிருக்க. எவ்ளோன்னு போடலியே? அளவு வேணாமா?” என்றார் மேடம்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த கைடிலும் இல்லை. “ரெண்டு உருண்டை மேடம்” என்றேன்.

“முப்பத்தெட்டு பேருக்கு எழுதியிருக்க. உன்னுது எங்க?”

“தாளு தீந்துபோச்சு மேடம்.”

“பின்னாடி ஒம்போது பக்கம் காலியா கெடக்கு.”

உண்மை என்னவென்றால் எனக்கு எழுதத் தெரியவில்லை. அடுத்தவர் வாழ்க்கையை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். என் முறை வந்ததும் ‘நோக்கம்’ என்று எழுதிவிட்டு மூன்று சாயங்காலம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் ஏதாவது ஒரு கோர்ஸ் பேர் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, எனக்கு ஒன்றுமே தோன்றாதது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஊரையே கிண்டல் செய்து எழுதியது அந்தப் பயத்தை மறைக்கத்தான்.

“சொல்லும்மா. நீ என்ன ஆவப்போற?”

எதிரே சிவப்புப் பேனா. பக்கத்தில் எஸ்தர் மிஸ். தப்பித்தால் போதும் என்று வாய் தானாகச் சொன்னது: “உங்கள மாதிரி பிசிக்ஸ் டீச்சர் ஆவேன் மேடம்.”

என் இரண்டு வருட பிசிக்ஸ் மார்க்கைத் திருத்தியவரான எஸ்தர் மிஸ்ஸுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அப்டியா? எழுது” என்று மேடம் நோட்டைத் தள்ளினார். ‘சோதனை எண் 39. சங்கீதா. நோக்கம்: பிசிக்ஸ் டீச்சர் ஆதல்’ என்று கோணல்மாணலாக எழுதினேன். அடுத்து ‘முடிவு’ என்று எழுதி, என்ன போடுவது என்று நிமிர்ந்தேன்.

“அத காலியா வுடு. சோதனை பண்ணாமலே முடிவ எழுதுற பழக்கம் உனக்கு ஜாஸ்தி போல” என்றபடி என் விடைத்தாளில் இருந்த ஐம்பதின்மேல் பேனாவைத் தட்டினார். பிறகு நல்ல ரெக்கார்டில் ஒரு கையெழுத்து, ஜோசிய நோட்டில் ஒரு கையெழுத்து. இரண்டிலும் தேதி. தேர்வு முடிந்த பிறகு ஜோசிய நோட்டைக் கஸ்தூரி அக்கா வெளியே கொண்டுவந்து கொடுத்தார்.

மஞ்சக்குப்பத்து வீடு வரைக்கும் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன். வீட்டுக்குப் போனதும் அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போடுவதுதான் திட்டம். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை புரட்டினேன். எஸ்தர் மிஸ் பக்கத்தில், மூன்று பூஜ்யங்களுக்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு வரி கூடியிருந்தது. ‘நான்காம் முயற்சி: 3 வினாடி.’ இரண்டு வருடமாக என் நோட்டுகளில் ‘கவனம் தேவை’ என்று எழுதிய அதே கையெழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மூன்று வினாடியை வகுப்பில் யாருமே பார்க்கவில்லையே என்று இன்றுவரை எனக்கு வருத்தம்தான். அடுத்த வாரம் பிரிவு விழாவில் நான் மெழுகுவத்தி ஜோசியத்தை வாசித்தபோது முதல் வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

அழுத சத்தம் கேட்டு அப்பா வந்தார். நோட்டை வாங்கினார். ஜோசியம், பஞ்சு, கருவி பழுது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. கடைசிப் பக்கம் மட்டும்தான் பட்டது. கோர்ட்டில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு, எழுதி, கையெழுத்தாகி, தேதியும் போட்ட காகிதம் என்றால் அதற்குமேல் பேச்சே கிடையாது.

“பிசிக்ஸ் டீச்சரா? சொல்லவே இல்லியே பாப்பா.”

“அது பயத்துல சொன்னதுப்பா.”

“எதுல சொன்னா என்ன? எழுதிக் குடுத்திருக்க. அதிகாரி முன்னாடி கையெழுத்தாயிருக்கு.”

ஜூனில் சிதம்பரத்தில் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்ந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். முதல் வருடம் முழுக்க அப்பாவைத் திட்டிக்கொண்டே போனேன். இரண்டாம் வருடம் திட்டுவது குறைந்தது. மூன்றாம் வருடம் சுரமானியில் காகிதம் சரியான நேரத்தில் துள்ளி விழுந்தது, கணக்கில் நிஜமாகவே ஐம்பது வந்தது. அன்று லேபில் நான் போட்ட சத்தத்துக்குத் திட்டு வாங்கினேன்.

இப்போது நானே எக்ஸ்டர்னலாகப் போகிறேன். ரெக்கார்டுகளை முதல் பக்கத்திலிருந்து அல்ல, கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கிறேன். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் உஷார்.

ஜோசிய நோட்டு அப்பாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கு மேல் இருக்கிறது. எனக்கு வேலை கிடைத்த அன்று அவரே பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். ‘முடிவு’க்கு எதிரே ‘சரி’ என்று எழுதினேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதிர்காலத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. போன தீபாவளிக்கு வந்த சித்தப்பா, என் ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, “நீ பெருசானா என்னடா செல்லம் ஆவப்போற?” என்று கேட்டார்.

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். என் அப்பாவின் கை சட்டைப் பையிலிருந்து பேனாவோடு வெளியே வருவதைப் பார்த்தாள்.

“தாத்தா மொதல்ல பேனாவ உள்ள வைக்கட்டும்” என்றாள்.